என் கையும் தட்டியது

எங்கள் லேபிலிருந்து செய்தனுப்பிய பல் செட் டாக்டரிடமிருந்து திரும்பி வந்தால் அதற்கு ஒரு வரவேற்பு உண்டு. பெட்டி நடு மேசைக்கு வந்ததும் அக்கா தன் மெழுகுக் கத்தியின் கைப்பிடியால் மேசையில் தட்டுவார். டக், டக், டக். உடனே மற்ற மேசைகளும் சேர்ந்துகொள்ளும். யார் செய்த வேலையோ அவர் எழுந்து வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி தன் இடத்தில் போய் உட்காரும்வரை தட்டல் ஓயாது.

"புருஷன் வீட்டுல வச்சுக்கலையாம். திரும்பி வந்துட்டா. பாய் போட்டு உட்கார வையுங்கப்பா" என்பார் அக்கா. கம்பிக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். சில பற்கள் மட்டும் உள்ள செட்டுகளுக்குக் கம்பிக் கொக்கி வளைப்பவர் அவர். அக்கா வாயைத் திறந்தாலே பாதிச் சிரிப்பை முன்பணமாகக் கொடுத்துவிடுகிற ஆள்.

அக்கா யாருக்கும் சொந்த அக்கா இல்லை. லேபில் மூத்தவர். முதலாளிகூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

நான் பல் அடுக்குகிறவள். டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். பின்னாலிருக்கும் மாவு அறையில் அதில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி அச்சு எடுப்பார்கள். மேல் அச்சும் கீழ் அச்சும் தாடைபோலத் திறந்து மூடுகிற ஒரு சட்டத்தில் பொருந்தி என் மேசைக்கு வரும். நான் மெழுகை உருக்கி அதில் ஒவ்வொரு பல்லாக நடுவேன். முன்பற்களை நடும்போது மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவேன். யாரென்று தெரியாத ஒருவர் அதை வைத்துக்கொண்டு சிரிக்கப் போகிறார். சட்டத்தை முதல்முறை மூடும்போது மேல்பல் கீழ்ப்பல்லில் வந்து உட்காருகிற ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் இந்த வேலையில் இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படியெல்லாம் யோசித்ததில்லை.

சேர்ந்த புதிதில் நான் அடுக்கிய ஒரு செட் திரும்பி வந்தது. முகத்தின் நடுக்கோட்டைவிட்டு முன்பற்கள் ஒரு நூல் இடப்பக்கம் விலகியிருந்தன. அன்றிலிருந்து என் பெயர் கோணல்.

"கோணல், டீ குடிச்சியா?" "கோணல் இன்னிக்குப் புதுப் புடவை. கொசுவம் மட்டும் நேரா வச்சிருக்கு பாருங்க." "செல்லக் கோணல், கோவிச்சுக்காதேடி. நாம எல்லாம் ஒரே குடும்பம். வீட்டுல கிண்டல் பண்ண மாட்டாங்களா?"

சொல்லிவிட்டு அக்கா என் கன்னத்தைக் கிள்ளுவார். கிள்ளிய விரலில் மெழுகு வாசம் இருக்கும். நானும் சிரிப்பேன். ஒருநாள் சைக்கிள் கடையைத் தாண்டிப் போகும்போது உள்ளேயிருந்து ஒருவர், "கோணலா இருக்கு பாரு" என்று சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார். நான் நின்று திரும்பிப் பார்த்தேன். என்னம்மா என்றார். ஒன்றுமில்லை என்று நடந்தேன்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். ஒன்றைத் தனியாக எடுத்து யாரிடமாவது சொன்னால் சொல்கிறவள்மீதுதான் சிரிப்பு வரும். டாக்டர் ஃபோனில் சொல்லும் திருத்தத்தை அக்கா எல்லோரிடமும் சொல்லிவிட்டு என்னிடம் சொல்ல மறந்துபோவார். நான் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். டீ வரும்போது ஒரு கிளாஸ் குறையும், குறைவது என்னுடையதாக இருக்கும். "அச்சச்சோ, உன்னை எண்ணவே இல்லையே கண்ணு!" என்று அக்கா தன் கிளாஸில் பாதியை ஊற்றித் தருவார். அதற்கு நான் நன்றி சொல்லவேண்டும். சொல்லுவேன்.

எனக்கு ஏன் இப்படி என்று காரணம் தேடினேன். தொலைந்த கம்மலைத் தேடுவதுபோல, பார்த்த இடத்திலேயே திரும்பத் திரும்பப் பார்த்தேன். மரியாதை குறைவாக ஏதாவது பேசினேனா? அக்கா கொண்டுவந்த சாப்பாட்டை வேண்டாமென்றேனா? என் வேலை அவ்வளவு மோசமா? என்னைவிடக் கம்பிக்காரருடைய பெட்டிகள்தான் அதிகம் திரும்பி வந்தன. அவருக்கும் தட்டினார்கள். ஆனால் அவர் நடு மேசைக்கு வந்து இடுப்பை வளைத்துக் கும்பிடு போடுவார், தட்டல் அத்தோடு நின்றுவிடும். எனக்கு நிற்காது. பெட்டியைத் திறந்து, என்ன தப்பு என்று சத்தமாகச் சொல்லும்வரை தட்டுவார்கள். இந்த வித்தியாசத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்ததை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

வருத்தமாக இருந்ததா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லவேண்டும். பல் பிடுங்க ஊசி போட்டபின் உதடு நம்முடையதாக இல்லாமல் போகுமே, அப்படி. கிள்ளினால் கிள்ளுவது தெரியும். வலிக்காது.

மாவு அறையில் இருந்தவர் வேலையை விட்டுப் போவதாகச் சொன்னபோது அக்கா என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே? உனக்கு மனசு ரொம்ப லேசு. இந்த மேசை உனக்கு ஒத்துவரல. மாவு அறைக்குப் போயிடு. மாவைக் கலந்தமா, ஊத்தினமான்னு நிம்மதியா இருக்கலாம். சார்கிட்ட நான் பேசிட்டேன். மாசக் கடைசியில சொல்லிடுவாரு."

மாவு அறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கே போன யாரும் மேசைக்குத் திரும்பி வந்ததில்லை. இனிப் பல் என் கைக்கு வராது. எனக்கு அழுகையாவது கோபமாவது வந்திருக்கவேண்டும். "சரிக்கா" என்றேன்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. டெலிவரிக்காரர் ஒரு பெட்டியை நடு மேசையில் வைத்துவிட்டுப் போனார். அக்கா தட்டினார். கம்பிக்காரர் தட்டினார். தேய்த்துப் பளபளப்பாக்கும் பாலிஷ் அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டுத் தட்டினார். யாரும் எழுந்து வரவில்லை. தட்டல் நீண்டுகொண்டே போனது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த நிறச் சீட்டைப் பார்த்தேன். ஆளுக்கொரு நிறம், பச்சை என்னுடையது. பெட்டி என்னுடையது. அதைவிடப் பிந்தித்தான் என் கையைப் பார்த்தேன். அது கத்தியைத் தலைகீழாகப் பிடித்து எல்லோரோடும் தாளம் தவறாமல் தட்டிக்கொண்டிருந்தது.

"பாருங்கடா, கோணல் தனக்குத் தானே தட்டுது!" என்றார் அக்கா. கம்பிக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கையை நிறுத்தினேன். நிறுத்தச் சொல்லி நானே அதற்குச் சொல்லவேண்டியிருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டில் இதை ஒரு வேடிக்கைபோலச் சொன்னேன். வேடிக்கையாகச் சொல்ல எனக்கு நன்றாக வரும். என் கணவர் ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவர், நாளெல்லாம் அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் குனிந்து கிடந்துவிட்டு வருபவர். "உங்க லேபுல நல்லாத்தான் பொழுது போகுது" என்று சிரித்தார். என் நாத்தனார் சிரிக்கவில்லை. அவள் பஸ் கண்டக்டர், மாடி அறையில் எங்களோடு இருக்கிறாள். வீட்டுக்குள் பேசினாலும் கடைசி சீட்டுவரைக்கும் கேட்கிற குரல்.

"அண்ணி, நீங்க எதுக்குத் தட்டினீங்க?"

"தெரியல. கை தட்டிடுச்சு."

"அந்தக்கா பெட்டி திரும்பி வந்தா யாரு முதல்ல தட்டுவாங்க?"

"அக்கா பெட்டி வராது."

"ஏன், கடவுள் நேரா இறங்கி வந்து அளவெடுத்துக் குடுக்குறாரா?"

என் கணவர் மறுபடி சிரித்தார். நான் தட்டைப் பார்த்தேன். வந்திருக்கிறது. மஞ்சள் சீட்டு ஒட்டிய பெட்டிகள் வந்திருக்கின்றன. அவை நடு மேசைக்கு வந்ததில்லை. டெலிவரிக்காரர் கையிலிருந்து நேராக அக்காவின் டிராயருக்குப் போயிருக்கின்றன. எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறோம்.

"டிக்கெட் எடுக்காம ஒளியறவனைக்கூட நான் பட்டப்பேரு வச்சுக் கூப்பிட்டதில்ல அண்ணி" என்றாள் நாத்தனார். "உங்களை அங்க அடிக்கறாங்க. கையால அடிக்கல, அவ்வளவுதான்."

"சும்மா இரு, நீ ஒண்ணும் ஏத்திவிடாதே" என்றார் என் கணவர். "வேலைன்னு போனா நாலும் இருக்கும். இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடணும்."

அடிக்கிறார்கள் என்ற சொல்லைப் பாத்திரம் கழுவும்போது எனக்குள் சொல்லிப் பார்த்தேன். அளவு சரியில்லாத செருப்பில் கால் நுழைத்துப் பார்ப்பதுபோல இருந்தது. கழற்றி வைத்துவிட்டேன். ஆனால் மறுநாள் லேபில் ஒவ்வொன்றுக்கும் அது தானாக வந்து பொருந்தியது. பாதி டீக்குப் பொருந்தியது. கன்னத்தைக் கிள்ளியதற்கும் பொருந்தியது. எதையும் செய்யாமல் பார்த்துக்கொண்டே மட்டும் இருந்தேன்.

பிறகு மஞ்சள் சீட்டுப் பெட்டி ஒன்று வந்தது. அன்று வந்தவர் புது டெலிவரிக்காரர். அக்கா கையை நீட்டியதைக் கவனிக்காமல் பெட்டியை நடு மேசையில் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். யாரும் தட்டவில்லை. அக்கா எழுந்து வந்து, "இந்த டாக்டருக்கு அளவெடுக்கவே தெரியாது" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே பெட்டியை எடுத்தார். கம்பிக்காரர் கம்பியில் மும்முரமானார். பாலிஷ் அண்ணன் மெஷினைப் போடவா வேண்டாமா என்பதுபோல ஸ்விட்சில் கை வைத்திருந்தார்.

டக், டக், டக்.

யார் இது என்று நானும்தான் நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் பார்த்தது என்னை. துணிச்சலாக நான் எதையும் செய்துவிடவில்லை. இதை நேர்மையாகச் சொல்லவேண்டும். பெட்டி வந்தால் தட்டவேண்டும் என்று என் கைக்கு அவர்களே பழக்கியிருந்தார்கள். மஞ்சளா பச்சையா என்று பார்க்க அதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அக்கா பெட்டியோடு நின்றார். முகம் முதலில் வெளுத்தது. பிறகு, என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தேடியதுபோலிருந்தது. கடைசியில் அழுகையைக் கண்டெடுத்தது.

"பார்த்தீங்களா... எல்லாரும் பார்த்தீங்கல்ல? இந்தப் பொண்ணை நான் என்னமா தாங்கினேன்! என் டீயை ஊத்திக் குடுத்தேனே!"

கம்பிக்காரர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அக்கா முதலாளியின் அறைக்குள் போனார், கதவு மூடியது. பாலிஷ் அண்ணன் என் மேசையருகே வந்து குனிந்தார்.

"எதுக்கும்மா வம்பு? போய் ஒரு வார்த்தை மன்னிச்சுக்கோங்கக்கான்னு சொல்லிடு. நீ சின்னவ. குறைஞ்சா போயிடுவே?"

"அண்ணே, போன வாரம் நீங்களும்தானே எனக்குத் தட்டினீங்க?"

"எல்லாரும் தட்டினாங்க. நான் மட்டும் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்? எனக்கும் பிள்ளை குட்டி இருக்கும்மா."

அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் மெழுகை உருக்கினேன். அது குமிழியிட்டுக் கருகும்வரை விளக்கின்மேல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வெளியே வந்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் அல்ல. சண்டை என்றால் ஒதுங்கிப் போகும் மனிதர். முதுகுவலிக்காக நாற்காலியில் இரண்டு தலையணைகள் வைத்து, எந்தப் பக்கமும் சாயமுடியாமல் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா ரொம்ப அழறாங்கம்மா. எல்லார் முன்னாடியும் அவங்களை அவமானப்படுத்திட்டீங்களாம்."

"தட்டினேன் சார்."

"ஏன்?"

"பெட்டி வந்துச்சு. வந்தா தட்டணும். அதானே இங்க வழக்கம்?"

"அட, அது விளையாட்டும்மா. ஒரு கலகலப்புக்காக."

"அப்ப நான் தட்டினதும் விளையாட்டுதானே சார்?"

நான் மடக்குவதற்காகக் கேட்கவில்லை. எனக்கு உண்மையிலேயே பதில் தெரியவேண்டியிருந்தது. விளையாட்டு என்று அவர் சொல்லிவிட்டால் அக்கா ஏன் அழுகிறார் என்று புரியாது. அவமானம் என்று சொல்லிவிட்டால் இத்தனை காலம் எனக்கு நடந்ததன் பெயர் அதுதான்.

"அவங்க பெரியவங்கம்மா" என்றார்.

"பெரியவங்களுக்கு வலிச்சா அவமானம். சின்னவங்களுக்கு வலிச்சா கலகலப்பா சார்?"

அவர் ஒரு தலையணையை உருவி மறுபடி வைத்தார். "இப்ப என்ன பண்ணலாம்ங்கறீங்க? ஒரு சாரி சொல்லிடுங்க, நான் பேசி முடிச்சு வைக்கிறேன். எப்படியும் நீங்க மாவு அறைக்குப் போறீங்க. இவங்க முகத்துல முழிக்க வேண்டியதில்ல. இது தண்டனை இல்லம்மா, உங்க நல்லதுக்குத்தான்."

"அக்கா என்னை என்னன்னு கூப்பிடறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

அவர் கண் மேசைக்குப் போனது. தெரிந்திருந்தது.

அதன்பிறகு நான் பேசியது எனக்கே தூரத்திலிருந்து கேட்டது, பக்கத்து வீட்டு ரேடியோபோல. டாக்டர் ஃபோனில் சொல்லும் திருத்தம் எனக்கு வந்து சேர்வதில்லை என்றேன். அதனாலேயே திரும்பி வந்த பெட்டிகளைச் சொன்னேன். வேண்டுமானால் டாக்டர்களிடமே கேட்டுக்கொள்ளலாம் என்றேன். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். தண்ணீர் கொடுத்து அனுப்பியிருப்பார்.

"நான் சாரி சொல்லமாட்டேன் சார். மாவு அறைக்கும் போகமாட்டேன். தட்டறதை நிறுத்தச் சொல்லுங்க."

"அக்கா இல்லாம லேப் ஓடாதும்மா."

"அவங்க இருக்கட்டும் சார். நானும் இருக்கேன்."

"வேலையை விட்டுடுவேன்னு மிரட்டறீங்களா?"

"இல்ல சார். விடமாட்டேன்னு சொல்றேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்த ஆளை எங்கே வைத்திருந்தேன் என்று யோசிப்பதுபோல. பிறகு போகச் சொன்னார். இரண்டு டாக்டர்களுக்கு அவர் ஃபோன் செய்வது கதவு வழியே அரைகுறையாகக் கேட்டது. என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது.

முதலாளி வெளியே வந்து மேசைகளுக்கு நடுவில் நின்று பேசினார், யார் முகத்தையும் பார்க்காமல்.

"இனிமே யாரும் தட்டக்கூடாது. பெட்டி வந்தா யாரோடதோ அவங்க கையில குடுங்க. டாக்டர் ஃபோன் எல்லாம் இனி என் அறைக்கு வரட்டும், நானே நேரா சொல்லிக்கறேன். மாவு அறைக்கு வெளியிலிருந்து ஆள் பார்க்கறேன்." அப்புறம் என் பக்கம் அரைத் திரும்பல். "நீங்க உங்க இடத்துலயே இருங்க."

"சரிங்க சார்" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. முதலாளி உள்ளே போய்க் கதவு மூடியதும் குரல் மாறியது. "எல்லாரும் கேட்டுக்குங்கப்பா. இனிமே சிரிக்கணும்னா மனு போடணும். சில பேரு கண்ணாடிப் பாத்திரம்."

கம்பிக்காரர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். நிறுத்தியதை மறைக்கக் கொஞ்சம் இருமினார்.

நான் உட்கார்ந்தேன். என் மேசை எனக்குக் கிடைத்துவிட்டது. சந்தோஷம் வரும் என்று கொஞ்சம் இடம் விட்டுக் காத்துப் பார்த்தேன். வரவில்லை. அக்கா இனி என்னோடு பேசமாட்டார் என்று தெரிந்தது. டீ இனிப் பாதிகூட வராமல் போகலாம். பாதியிலிருந்த செட்டை எடுத்து, முன்பல் ஒன்றை மெழுகில் வைக்கப்போனேன்.

பாலிஷ் அண்ணன் எதையோ எடுக்க வருவதுபோல என் பின்னால் வந்தார். உதடு அசையாமல், காதருகே, "நீ கேட்டது சரிதாம்மா. யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்கண்ணே."

"என்னது?"

"இப்ப சொன்னதை. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

அவர் அக்காவின் முதுகைப் பார்த்தார். கம்பிக்காரரைப் பார்த்தார். "அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே, விடும்மா" என்று தன் இடத்துக்குப் போய் மெஷினைப் போட்டார். அதன் இரைச்சல் அறையை நிறைத்தது.

அப்போதுதான் கை நடுங்கத் தொடங்கியது. பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். பயமில்லை. காதுமடல் சுட்டது, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அக்காவின்மீதுகூட அவ்வளவு கோபம் இல்லை, குனிந்து தேய்த்துக்கொண்டிருந்த அந்த நல்ல மனிதருடைய கழுத்தைப் பார்க்கப் பார்க்க அது ஏறியது. ஊசி மருந்தின் மரப்பு விலகும்போது உதட்டில் முதலில் வருவது வலிதான் என்று பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கெல்லாம் தெரியும். வரட்டும் என்று விட்டேன்.

சாயங்காலத்துக்குள் அந்தச் செட்டை முடித்து அனுப்பவேண்டும். இந்தக் கையோடு பல் நட்டால் நடுக்கோடு விலகும். பல்லைக் கீழே வைத்துவிட்டு, கை நிற்பதற்காகக் காத்திருந்தேன்.